பொறுத்துத் தூக்கும் கொடி

கொடி என்பது அவளுடைய பெயரல்ல. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அது வேலை பார்க்கும் இடத்துச் சம்பளப் பட்டியலில் மட்டும் உயிரோடு இருக்கிறது. மற்ற எல்லோருக்கும் அவள் கொடிதான். வார நாட்களில் ஒரு பயிற்சிப் பள்ளியில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பாள். வாரக் கடைசியில் கால்பந்து மைதானத்தின் பக்கக் கோட்டோரமாகக் கையில் கொடியைப் பிடித்துக்கொண்டு ஓடுவாள். துணை நடுவர் என்று சட்டையில் பொறித்திருக்கும். அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. கேலரியில் உட்கார்ந்திருப்பவர்கள் அவளைக் கூப்பிடும் வார்த்தைகள் வேறு. அவற்றை இங்கே எழுதினால் அச்சுக் கோப்பவர் வேலையை விட்டுவிடுவார்.

அந்த வேலை கேட்பதற்குச் சுலபம். முன்னால் நிற்கும் ஆளுக்குப் பந்தை உதைத்து அனுப்பும் அந்த நொடியில், அவன் எதிரணியின் கடைசித் தடுப்பாட்டக்காரனைத் தாண்டி நிற்கிறானா என்று பார்க்க வேண்டும். தாண்டியிருந்தால் ஆஃப்சைடு. கொடி மேலே போகும், நடுவர் விசில் ஊதுவார், ஆட்டம் நிற்கும். ஒரே நேரத்தில் பந்து கிளம்பும் காலையும் பார்க்க வேண்டும், இந்தப் பக்கம் நிற்கும் ஆளையும் பார்க்க வேண்டும். மனிதருக்கு இரண்டு கண்களும் ஒரே திசையில்தான் பார்க்கும் என்பதை விதி எழுதியவர்களிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

கொடிக்கு அது கைவந்தது. காரணம் அவள் பார்க்கும் இன்னொரு வேலை. பயிற்சிக் காரில் ஓட்டுபவரின் காலடியில் ஒரு பிரேக் இருப்பதுபோல, பக்கத்து இருக்கையில் உட்காரும் அவள் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்ள வருபவர் எதிரே லாரி வருவதைப் பார்த்து யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவள் கால் மிதித்திருக்கும். இடித்த பிறகு மிதித்தால் அதற்குப் பெயர் பிரேக் இல்லை, துக்க விசாரிப்பு என்பாள். கண் பார்த்தால் கால் வேலை செய்யும், கை வேலை செய்யும். நடுவில் மூளையைக் கூப்பிட்டுத் தொந்தரவு செய்வதில்லை.

வீட்டில் கணவர் குளிர்சாதனப் பெட்டி ரிப்பேர் செய்பவர். பந்து உருண்டையானது என்பதற்கு மேல் அவருக்குக் கால்பந்தில் ஆர்வமில்லை. அவருடைய பங்குக்கும் சேர்த்து மாமியாருக்கு இருந்தது. மாமியார் நீதிமன்றத்தில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர். வேலை பார்த்த காலம் முழுக்க அடுத்தவர் சொன்ன தீர்ப்பை டைப் அடித்துக்கொடுத்தவருக்குச் சொந்தமாகத் தீர்ப்புச் சொல்லக் கால்பந்துதான் வாய்த்தது. நீலச் சட்டை அணி அவருடைய அணி. நீலம் தோற்ற அன்று வீட்டுச் சமையலில் உப்பு இருக்காது. டிவியில் மருமகள் கோட்டோரம் ஓடினாலும் சலுகை கிடையாது. தப்பு என்றால் தப்பு என்று நாற்காலியில் இருந்தபடியே சொல்லிவிடுவார். வயிற்றெரிச்சல் என்னவென்றால், அவர் சொல்வது பெரும்பாலும் சரியாக இருக்கும்.

கொடிக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு பேராசை இருந்தது. கோப்பையின் இறுதியாட்டத்தில் கொடி பிடிக்க வேண்டும். அதற்குக் கால்பந்துச் சங்கத்தின் முதல்தர நடுவர் பட்டியலில் இருக்க வேண்டும். பட்டியலில் இருக்க வேண்டுமென்றால் ஆட்டத்துக்கு ஆட்டம் கேலரியில் உட்கார்ந்து மதிப்பெண் போடும் கண்காணிப்பாளரின் மனம் குளிர வேண்டும். பல ஆண்டுகள் ஓடி ஓடி முட்டி தேய்ந்து, ஒரு வழியாக அவள் பெயர் பட்டியலின் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்தது. அந்த ஆண்டுதான் திரையும் வந்தது.

மைதானத்துக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத ஒரு வேன். உள்ளே இரண்டு பேர் பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டு வீடியோ பார்ப்பார்கள். கோல் விழுந்தால் படத்தை நிறுத்தி, தடுப்பவன் மேல் ஒரு கோடு, தாக்குபவன் மேல் ஒரு கோடு போட்டு, மூக்கு நீட்டிக்கொண்டிருக்கிறதா முழங்கால் நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று ஆற அமரப் பார்த்துச் சொல்வார்கள். வகுப்பெடுக்க வந்த பயிற்சியாளர் எல்லாத் துணை நடுவர்களையும் உட்காரவைத்துச் சொன்னது இதுதான். கோல் விழ வாய்ப்பிருக்கும் இடத்தில் ஆஃப்சைடு மயிரிழையில் இருந்தால் கொடியைத் தூக்காதீர்கள். ஆட்டம் ஓடட்டும். எல்லாம் முடிந்த பிறகு தூக்குங்கள். தப்பாகக் கீழே இருக்கும் கொடியைத் திரை திருத்திவிடும். தப்பாக மேலே போன கொடிக்கு விசில் ஊதியாகிவிட்டது, அதை எந்தத் திரையும் திருத்த முடியாது. பொறுத்தார் பூமி ஆள்வார் என்று முடித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். கொடியும் தட்டினாள். அவள் வலது கை மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் தட்டியது.

ஆட்டப் பருவத்தின் நடுவில் மஞ்சள் அணிக்கும் பச்சை அணிக்கும் ஆட்டம். மஞ்சளின் கோல்கீப்பர் கொடிக்கம்பம்போல நெடுநெடுவென்று வளர்ந்தவன். ஏணி என்று கூப்பிடுவார்கள். பந்து வருகிறது என்று தெரிந்தால் முன்பின் பார்க்காமல் கோலை விட்டுப் பாய்ந்து வெளியே வருவது அவன் வழக்கம். பச்சையின் முன்வரிசைக்காரனுக்கு நடுமைதானத்திலிருந்து ஒரு பந்து வந்தது. அவன் ஒரு செருப்பு நீளம் தாண்டி நின்றிருந்தான். கொடி பார்த்தாள். கை பாதி கிளம்பிவிட்டது. வகுப்பு ஞாபகம் வந்தது. கையைக் கீழே அழுத்திப் பிடித்துக்கொண்டு ஓடினாள்.

ஏணி பாய்ந்து வந்தான். பச்சைக்காரன் சறுக்கினான். இருவரும் மோதிய சத்தம் அவள் நின்ற இடம்வரை கேட்டது. பந்து மெதுவாக உருண்டு வலைக்குள் போனது. அப்போது அவள் கொடியைத் தூக்கினாள், கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பதுபோல. வேனில் இருந்தவர்கள் கோடு போட்டுப் பார்த்து ஆஃப்சைடுதான் என்றார்கள். கோல் இல்லை என்று முடிவானது. ஏணியின் தோள் எலும்பு முறிந்தது பற்றி முடிவெடுக்க வேனுக்கு அதிகாரம் இல்லை.

அந்த ஆட்டத்துக்குக் கண்காணிப்பாளர் அவளுக்கு முழு மதிப்பெண் போட்டார். அதுவரை யாருக்கும் அவர் முழு மதிப்பெண் போட்டதில்லை. அடுத்த வகுப்பில் அந்த வீடியோவைப் பாடமாகவே போட்டுக் காட்டினார்கள். கொடி எவ்வளவு அழகாகக் காத்திருக்கிறது பாருங்கள் என்றார் பயிற்சியாளர். ஸ்ட்ரெச்சர் வருவதற்கு முன்பே படத்தை வெட்டியிருந்தார்கள். பக்கத்தில் இருந்தவர் அவள் முதுகில் தட்டிக்கொடுத்தார். அவள் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டாள்.

ஏணி அடிபட்ட அன்று வீட்டுக்கு வந்தபோது மாமியார் ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருந்தார். "கை என்ன, மரத்துப்போச்சா?"

"விதி அப்படித்தான் அத்தை," என்றாள் கொடி. நீதிமன்றத்தில் இருந்தவருக்கு விதி என்ற சொல்லை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை.

நடுவர்கள் ஆட்டக்காரர்களை வீட்டிலோ ஆஸ்பத்திரியிலோ போய்ப் பார்க்கக் கூடாது என்று இன்னொரு விதி. அதனால் ஏணியைப் பார்க்கவும் முடியவில்லை. பார்க்க முடியாததெல்லாம் சேர்ந்து அவள் காலில் இறங்கியது. பயிற்சிக் காரில் சிக்னல் மஞ்சளுக்கு மாறும் முன்பே பிரேக். எதிர்ச்சாரியில் சைக்கிள் போனால் பிரேக். புறா உட்கார்ந்திருந்தால் பிரேக். அப்போது அவளிடம் ஒரு பல் மருத்துவர் கற்றுக்கொண்டிருந்தார். இவ்வளவு நாளில் தான் ஓட்டியதைவிட நின்றதுதான் அதிகம் என்று ஒருநாள் மிகவும் பணிவாகச் சொன்னார். பிறர் வாயைத் திறக்கவைத்துப் பிழைப்பவர், தன் வாயைத் திறக்க அவ்வளவு நாள் யோசித்திருக்கிறார், பாவம்.

பருவத்தின் கடைசி ஆட்டம் மஞ்சளுக்கும் நீலத்துக்கும். நீலம் ஜெயித்தால் மேல் பிரிவுக்குப் போகும். சமன் செய்தால் போகாது. அந்த ஆட்டத்தில் கொடி பிசகாமல் இருந்தால் இறுதியாட்டம் அவளுக்குத்தான் என்று சங்கத்துத் தலைவர் காதோடு காதாகச் சொல்லியிருந்தார். மாமியார் காலையிலேயே குளித்துவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

மைதானத்துக்குள் போகும் வழியில் ஏணி நின்றிருந்தான். தோள் கூடிய பிறகு அவனுக்கு அதுதான் முதல் ஆட்டம். "அக்கா, சௌக்கியமா?" என்றான். கொடி தோள் எப்படி இருக்கிறது என்று கேட்டாள். அவன் கையைத் தூக்கிக் காட்டினான். காதுவரை போய் நின்றது. இவ்வளவுதான் போகிறது, யாரிடமும் சொல்லிவிடாதீர்கள் என்று சிரித்தான். அவன்மேல் அவளுக்குக் கோபம் வந்தது. தன்மேல் அதைவிட அதிகமாக வந்தது.

ஆட்டம் முடியும் நேரம்வரை யாரும் கோல் போடவில்லை. அப்போது நீலத்தின் முன்வரிசைக்காரனுக்கு ஒரு பந்து நீளமாக வந்தது. அவன் ஓடினான். ஏணி வழக்கம்போலப் பாய்ந்து வெளியே வந்தான், நல்ல தோள் ஒருபக்கமும் கெட்ட தோள் முன்பக்கமுமாக. கொடியின் கை மேலே போயிற்று.

நடுவர் விசில் ஊதினார். நீலத்துக்காரன் ஏணியைத் தாண்டிக் குதித்தான். ஏணி சறுக்கி உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தான், முழுசாக. நீலத்துக்காரன் கோபத்தில் பந்தைக் காலியான கோலுக்குள் உதைத்தான். விசிலுக்குப் பிறகு விழுந்ததால் அது கோல் இல்லை. கொஞ்ச நேரத்தில் டிவியில் கோடு போட்டுக் காட்டினார்கள். நீலத்துக்காரன் தாண்டவே இல்லை. ஓர் உள்ளங்கை அகலம் உள்ளே நின்றிருந்தான். ஆட்டம் சமனில் முடிந்தது. நீலம் இருந்த பிரிவிலேயே இருந்தது. ஆட்டம் முடிந்ததும் நீலச் சட்டைக்காரர்களில் ஒருவன் புல்லில் குப்புறப் படுத்து அழுததைக் கொடி பார்த்தாள். பார்க்காமல் போக முடியவில்லை.

அடுத்த வாரம் சங்கத்தில் விசாரணை. நீள மேஜை, தண்ணீர் பாட்டில்கள், சுவரில் ஒரு திரை. தலைவர் நல்ல மனிதர். அவளைக் காப்பாற்ற வேண்டும் என்று முடிவு செய்துவிட்டுத்தான் வந்திருந்தார். மனிதக் கண்ணுக்கு உள்ளங்கை அகலம் தப்புவது சகஜம், நாலு மதிப்பெண் குறைத்துவிட்டு விட்டுவிடலாம், பட்டியலிலும் கை வைக்க வேண்டாம் என்று கண்காணிப்பாளரிடம் முன்பே பேசிவைத்திருந்தார். அவள் தலையாட்டினால் போதும்.

"ஆஃப்சைடுன்னு நெனச்சுத் தூக்கிட்டீங்க. அவ்வளவுதானேம்மா?"

கொடிக்கு இறுதியாட்டத்தின் புல் கண்ணில் தெரிந்தது. வாய் மட்டும் வேறு பக்கம் போனது. "இல்ல சார். நான் கோட்டப் பாக்கல. கீப்பர் தோளப் பாத்தேன்."

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். தோளைப் பார்க்கும்போது கோட்டையும் பார்த்திருப்பீர்கள் இல்லையா என்று இன்னொரு கதவைத் திறந்துவிட்டார். பார்க்கவில்லை என்றாள். நீலத்துக்காரன் உள்ளே நின்றானா வெளியே நின்றானா என்று கொடியைத் தூக்கியபோது எனக்குத் தெரியாது, டிவியில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன் என்றாள். நீலத்துப் பையன்களிடம் மன்னிப்புக் கேட்க வழி இருந்தால் சொல்லுங்கள் என்றும் கேட்டாள். அப்படி ஒரு வழி விதியில் இல்லை.

"கோட்டப் பாக்காத ஆள நான் கோட்டோரமா எப்படிம்மா நிக்கவெக்கிறது?" என்றார் தலைவர். அவர் கேட்டது நியாயம் என்றே கொடிக்கும் பட்டது. அவள் பெயரை எடுத்துவிட்டார்கள்.

வீட்டில் ஆட்ட நாளிலிருந்தே மாமியார் அவளோடு பேசுவதில்லை. சொல்ல வேண்டியதைக் கணவர் வழியாகச் சொல்வார். ஒரே அறையில் இருவரும் உட்கார்ந்திருக்க, கணவர் நடுவில் நின்று அம்மா சொன்னதை மனைவிக்கும் மனைவி சொன்னதை அம்மாவுக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். குளிர்சாதனப் பெட்டிகளே தேவலை என்று அவருக்குத் தோன்றியிருக்கும்.

கொடி வந்து பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்றாள். கணவர் அம்மாவிடம் திரும்பி வாயைத் திறந்தார். காது கேட்கிறது, நீ போய் உட்கார் என்றார் மாமியார். அங்கே என்ன சொன்னாய் என்று மருமகளிடம் நேராகவே கேட்டார். கொடி தலைவரிடம் சொன்னதை அப்படியே சொன்னாள். மாமியார் கையில் போன் இருந்தது. அதில் அந்த ஆட்டத்தின் படம் நின்றுகொண்டிருந்தது. கொடி மேலே, ஏணி கீழே, நடுவில் நீலம்.

"எங்க பசங்களுக்கு நீ பண்ணது அநியாயம்," என்றார் மாமியார். "சாகுறவரைக்கும் மறக்க மாட்டேன்."

கொடி தலையைக் குனிந்துகொண்டாள். மாமியார் போனைக் கவிழ்த்து மேஜைமேல் வைத்தார். தீர்ப்பு அதோடு முடிந்தது என்றுதான் கணவரும் நினைத்தார்.

"இந்தக் கொடிய நீ அந்தப் பச்சை ஆட்டத்துலயே தூக்கியிருக்கணும்."

எலும்பு முறிந்த நாளிலிருந்து அதுவரை யாரும் அவளிடம் அதைச் சொல்லவில்லை. முழு மதிப்பெண் போட்டார்கள், பாடமாகக் காட்டினார்கள், முதுகில் தட்டினார்கள். விதி அப்படித்தான் என்று அவளும் சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போது அது வாயில் வரவில்லை.

"ஆமா அத்தை," என்று சொல்லிவிட்டுக் கொடி அழுதாள்.