கட்டிலுக்கு எதிரே வீட்டுக்காரர்

என் வீட்டு மாடி அறையை எத்தனையோ பேர் போனில் பார்த்திருக்கிறார்கள். எல்லாருமே கட்டிலைப் பார்ப்பதற்கு முன்னால் என் வீட்டுக்காரரைப் பார்த்தார்கள். பார்த்ததும் வேறு வீட்டுக்குத் தாவிவிட்டார்கள். மனுஷன் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகின்றன. செத்த பிறகும் அவரை உட்காரவிடாமல், வருகிறவர்களை விரட்டும் வேலையைக் கொடுத்தவள் நான்தான். எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். என் மண்டையில் ஒன்றும் இல்லை என்று வரும் இடங்களில் மட்டும் அவள் கை சரசரவென்று ஓடுகிறது.

போன மழைக்காலத்தில் குளியலறையில் வழுக்கி விழுந்தேன். எலும்பு தப்பியது. ஆனால் எழுந்திருக்க முடியவில்லை. காலையில் விழுந்தவளைச் சாயங்காலம் பால் ஊற்ற வந்தவர்தான் சத்தம் கேட்டுத் தூக்கிவிட்டார். மறுநாளே மகன் வந்து நின்றான்.

"வீட்டப் பூட்டிட்டு என்கூட வாம்மா. தனியா இருந்து என்னத்தச் சாதிக்கப் போற?"

அவன் வீடு ஒன்பதாவது மாடியில் இருக்கிறது. போனால் எனக்குக் கூடத்து சோபாவில்தான் படுக்கை. டிவி அணையும் வரை தூக்கம் கிடையாது. டிவி அணைவதும் கிடையாது. ஜன்னலில் எட்டிப் பார்த்தால் தெருவில் மனிதர்கள் கொட்டிவிட்ட கடுகு மாதிரி ஓடுவார்கள்.

"உன் வீட்டுல சண்ட போடக்கூட ஆள் கிடையாதுடா. நான் எப்படி இருப்பேன்?"

"ஏன், நான் இல்லையா?" என்றாள் மருமகள்.

அவளுக்கும் எனக்கும் எப்போதும் வாய்த்தகராறுதான். ஆனால் வழி சொன்னவளும் அவள்தான். மாடியில் ஓர் அறை சும்மா கிடக்கிறது. ஜன்னலைத் திறந்தால் கடல். முழுக் கடல் இல்லை. எதிர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கும் பக்கத்துச் சுவருக்கும் நடுவே சேலைக் கரை அகலத்துக்கு ஒரு துண்டு. லீவுக்கு ஊர் பார்க்க வருகிறவர்களுக்கு இரண்டு நாள், மூன்று நாள் என்று வாடகைக்கு விட்டால் மேலே எப்போதும் ஆள் நடமாட்டம் இருக்கும், நான் விழுந்தால் கத்துவது யார் காதிலாவது விழும் என்றாள்.

மகன் அரை மனதாகத் தலையாட்டினான். "சரி. பள்ளிக்கூட லீவு முடியுற வரைக்கும் பாக்கலாம். மாடி காலியாவே கிடந்துச்சுன்னா நீ மூட்டையக் கட்டணும். அப்புறம் பேச்சு மாறக் கூடாது."

"நான் எதுக்குடா மாறப்போறேன்?" என்றேன். எனக்கு எப்பவுமே வாய் நீளம்.

மாடியைத் தேய்த்துக் கழுவினேன். புது மெத்தை போட்டோம். எல்லாம் முடிந்ததும் கீழே என் அறையில் மாட்டியிருந்த அவர் படத்தைக் கழற்றி, ஆள் வைத்து மேலே ஏற்றி, கட்டிலுக்கு நேர் எதிரே ஆணி அடித்து மாட்டினேன்.

சின்னப் படம் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். ஓய்வு பெற்ற அன்று கூட வேலை பார்த்தவர்கள் சட்டம் போட்டுக் கொடுத்த படம், கதவில் பாதி இருக்கும். கறுப்புக் கோட்டு. புருவம் இரண்டும் சேர்ந்து ஒரே கோடு. டிக்கெட் இல்லாத ஆளைப் பிடித்துவிட்ட பார்வை. அறையில் எந்த மூலைக்குப் போனாலும் நம்மையேதான் பார்ப்பார்.

"நல்ல சுவரு, நல்ல வெளிச்சம். மனுஷன் கடலப் பாத்துக்கிட்டு இருக்கட்டும்" என்று மகனிடம் சொன்னேன். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்து வீட்டுத் தையல்காரி, "புருஷன் மேல இப்படி ஒரு பாசமா!" என்று தெரு முழுக்கப் பரப்பினாள். நானும் தலையைக் குனிந்துகொண்டு அந்தப் பேரை வாங்கிக்கொண்டேன்.

மகன் போனில் படம் பிடித்தான். கட்டிலை எடுத்தால், பின்னால் இருந்த பீரோக் கண்ணாடியில் அவர் தெரிந்தார். ஜன்னலை எடுத்தால் ஓரத்தில் அவருடைய ஒரு கண் மட்டும் வந்தது. குளியலறையை எடுத்தபோதும் திறந்த கதவு வழியாக, பல் தேய்க்கிற இடத்துக் கண்ணாடிக்குள் வந்து நின்றார். கல்யாணப் படத்தில்கூட அந்த மனுஷன் இவ்வளவு ஒழுங்காக நின்றதில்லை. "அப்பா ஆசீர்வாதம்" என்று சொல்லி மகன் அப்படியே எல்லாவற்றையும் அறை வாடகைக்குப் பிடிக்கிற ஆப்பில் போட்டுவிட்டான்.

ஈ காக்கை வரவில்லை. மகன் வாடகையைக் குறைத்துப் பார்த்தான். நான் திரைச்சீலையை மாற்றினேன், தலையணையை மாற்றினேன். கடைசியில், "கடல் சின்னதா இருக்குல்ல, அதான்" என்று கடல் மேலேயே பழியைப் போட்டேன். அந்தப் படத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன்.

லீவு பாதி ஓடிய பிறகு ஒரு புது ஜோடி வந்தது. மூன்று நாள் தங்குவதாகப் பேச்சு. மறுநாள் காலையில் விரிப்பு மாற்ற மேலே போனால், வீட்டுக்காரர் முகத்தில் ஈரத் துண்டு தொங்குகிறது.

"யாரும்மா இது, பெரியவரு மூஞ்சில துண்டப் போட்டது?"

அந்தப் பெண் புருஷனுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். "தப்பா நினைக்காதீங்கம்மா. சார் ஒரு மாதிரி பாக்குறாரு."

"அவரு எல்லாரையும் அப்படித்தான் பாப்பாரு. கல்யாணத்தன்னிக்கு என்னையும் அப்படித்தான் பாத்தாரு. நான் என்ன துண்டப் போட்டா மூடினேன்?"

"பக்கத்துல உக்காந்தா டிக்கெட் கேட்டுருவாரோன்னு இருக்கும்மா" என்றான் மாப்பிள்ளை. "வந்ததுலேருந்து நாங்க அண்ணன் தங்கச்சி மாதிரி தள்ளித் தள்ளி உக்காந்திருக்கோம்."

மத்தியானமே பெட்டியைத் தூக்கிவிட்டார்கள். போகிறவர்கள் சும்மா போகவில்லை. அதே ஆப்பில் அவர்கள் எழுதிவைத்ததை மருமகள் தொலைபேசியில் வாசித்துக் காட்டினாள்: "அறை சுத்தம். வீட்டு அம்மா மனதில் பட்டதைச் சொல்வார். ஜன்னலில் கொஞ்சம் கடல் உண்டு. எதிர்ச் சுவரில் ஒரு அதிகாரி உண்டு. டிக்கெட்டோடு போகவும்."

அதற்கப்புறம் சுத்தமாக யாரும் வரவில்லை. லீவு முடியும் தறுவாயில் மகனும் மருமகளும் வந்தார்கள். மகன் கையில் எனக்கென்று ஒரு காலிப் பெட்டி. அதைப் பார்த்ததும் உள்ளே நழுவினேன். நான் சமையலறையில் பாத்திரங்களைத் தேவையில்லாமல் உருட்டிக்கொண்டிருந்தேன். மருமகள் மாடிக்குப் போனவள் மேலேயிருந்து குரல் கொடுத்தாள்.

"அத்தை, கொஞ்சம் வாங்க. இந்தக் கட்டில்ல உக்காருங்க."

உட்கார்ந்தேன்.

"நேராப் பாருங்க."

நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"அங்க இல்ல. மாமாவப் பாருங்க."

நான் தலையணை உறையை இழுத்துச் சரிசெய்தேன்.

"ஆக, உங்களாலயே பாக்க முடியல."

"வெளிச்சம் கண்ணக் கூசுதும்மா."

"உண்மையச் சொல்லுங்க அத்தை. மாமாவுக்குக் கடல் காட்டவா மேல கொண்டுவந்தீங்க?"

வசமாக மாட்டிக்கொண்டேன். "கீழ என் கட்டிலுக்கு நேரா உன் புருஷன்தான் மாட்டிவச்சான். கண்ணத் தொறந்தா அந்த மூஞ்சி. இன்னும் எந்திரிக்கலையான்னு கேக்குற மாதிரியே இருக்கு. அவரு இருந்த வரைக்கும் அவரு கேக்குறதுக்கு முன்னாடியே எந்திரிச்சு அடுப்பப் பத்தவச்சவ நான். இப்பதான் ஆற அமரத் தூங்குறேன். அதுலயும் வந்து நின்னா நான் எங்க போறது?"

"அப்போ தெருவே பேசுற பாசம்?"

"பாசம் இருக்கு. மாடியில இருக்கு."

அவள் சிரித்த சிரிப்பில் கட்டில் ஆடியது. அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு கறாராகச் சொன்னாள். "மாமா கீழ வந்தா நீங்க இந்த வீட்டுல இருக்கலாம். மாமா மேலயே இருந்தா நீங்க எங்க சோபாவுல இருக்கலாம். எது வேணும்?"

"ஸ்டூலப் பிடி" என்றேன்.

அவர் கீழே இறங்கி, என் அறையில் பழைய ஆணிக்கே போனார். மறுநாள் வெயில் ஏறுவதற்கு முன் மருமகள் ஜன்னலை முழுக்கத் திறந்துவைத்து, பீரோவைக் கொஞ்சம் திருப்பி, தானே படம் எடுத்தாள். கண்ணாடியில் அவர் நின்ற இடத்தில் இப்போது கடல் நின்றது. ஒரு துண்டுக் கடல் இரண்டு துண்டாகிவிட்டது. "அதிகாரி மாற்றலாகிப் போய்விட்டார்" என்று அந்த ஜோடி எழுதியதற்குக் கீழே பதிலும் எழுதிவைத்தாள். அதைப் படித்துச் சிரித்தவர்களே பாதிப் பேர் வந்திருப்பார்கள் என்று இன்றைக்கும் பீற்றிக்கொள்கிறாள். எப்படியோ, லீவின் கடைசி நாட்களுக்கு இரண்டு பிள்ளைகளோடு ஒரு குடும்பம் வந்தது. அவர்கள் இருக்கும்போதே அடுத்தவர்கள் கேட்டுவிட்டார்கள். மகன் கொண்டுவந்த பெட்டியைக் காலியாகவே எடுத்துக்கொண்டான்.

மகனும் மருமகளும் கிளம்புகிற அன்று மத்தியானம் நான் சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தேன்.

"என்ன அத்தை, மூஞ்சத் திருப்பிக்கிட்டு?"

"வேற எங்க பாக்குறது? எதுத்தாப்புல உங்க மாமா நிக்குறாரே."

அவள் என்னை எழுந்திருக்கச் சொல்லிவிட்டு, கட்டிலை இழுத்துத் தலைமாட்டைக் கால்மாட்டாக மாற்றிப் போட்டாள். அவ்வளவுதான் வேலை. நானோ அவரை ஆள் வைத்து மாடிக்கு ஏற்றினேன், சுவரில் ஓட்டை போட்டேன், தெருவில் நல்ல பேர் வாங்கினேன், வந்த ஜோடியை அண்ணன் தங்கச்சி ஆக்கினேன், வீட்டையே பூட்டப் பார்த்தேன். கட்டிலைத் திருப்பலாம் என்பது மட்டும் தோன்றவில்லை.

இப்போது மத்தியானத்தில் மேலே யாராவது பிள்ளைகள் மெத்தையில் குதிக்கிறார்கள். கூரையிலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்து என் மேலேயே விழுகிறது. திட்ட வாயைத் திறந்து, மூடிக்கொள்கிறேன். தலைக்குப் பின்னால் இருந்து அவர் முறைப்பது என் கொண்டையைத்தான். முறைக்கட்டும்.