தேசம்மா போட்ட வேலி

சென்னையை ஒட்டிய நூம்பலில் வயல்களெல்லாம் மனைகளாக மாறிக்கொண்டிருந்த தொண்ணூறுகளின் தொடக்கத்தில், தேசம்மாவுக்கு யாரைப் பார்த்தாலும் ஆத்திரமாக வந்தது. நடவு வேலை போனபிறகு, தோழி நாகவல்லியோடு போய், வரப்போரம் தானாக முளைத்த பொன்னாங்கண்ணியைப் பறித்து விற்றுத்தான் அவள் அடுப்பு எரிந்தது. கீரை பறிப்பவர்களுக்குள் ஒரே ஒரு கட்டுப்பாடு: நுனியைக் கிள்ளலாம், வேரைத் தொடக்கூடாது. அது அடுத்து வருகிறவளுக்கு.

ஒருநாள் அங்கே கம்பிவேலி நின்றது. குனிந்து உள்ளே நுழைந்தவர்களைக் காவல்காரன் தடியோடு விரட்டினான்.

"இன்னாடி, உங்கப்பன் ஊட்டு சொத்தா இது? கைய எட்றி!"

தேசம்மா மண்ணை வாரித் தூற்றினாள். ஆத்திரத்தில், முதல்முறையாக, கைக்கு வந்த கீரையை வேரோடு பிடுங்கிக்கொண்டு நடந்தாள். வீட்டுக்குப் பின்னால், குளித்த தண்ணீர் ஓடும் சேற்றில் அதை விசிறியடித்தாள்.

அது துளிர்த்துவிட்டது. அவள் களை பிடுங்கினாள், எருப் போட்டாள், ஆடு வாய்வைக்காதபடி முள் வெட்டிவந்து அடைத்தாள். ஆதி மனிதர்கள் தலைமுறை தலைமுறையாகக் கற்றதை ஒரே மழைக்காலத்தில் கற்றுவிட்டாள். ஆத்திரம் மட்டும் தணியவில்லை. காவல் காக்க ஆரம்பித்ததிலிருந்து இன்னும் கூடிப்போயிருந்தது.

ஒரு காலையில், முள்ளுக்குள் ஒரு கை நீண்டது. தேசம்மா விறகுக்கட்டையோடு பாய்ந்தாள்.

"இன்னாடி, உங்கப்பன் ஊட்டு சொத்தா இது? கைய எட்றி!"

நாகவல்லி நிமிர்ந்து, மடியிலிருந்த கீரையை அவள் காலடியில் உதறினாள்.

"நல்லா பாத்துக்கோடி. வேர வுட்டுட்டு நுனியத்தான் கிள்ளிக்கீறேன்."