ஹெல்மெட்டில் இட்ட மூன்று முட்டைகள்

அப்பா அந்த ஹெல்மெட்டைப் போட்டு நான் பார்த்ததில்லை. போலீஸ் பிடிக்கிறார்கள் என்று அரியலூர் கடைத்தெருவில் வாங்கினார். ஊர் எல்லை வரை தலையில் இருந்திருக்கலாம். அதன்பின் பரணுக்குப் போய்விட்டது. கறுப்பு நிறம், இடப்பக்கம் நீளமாக ஒரு கீறல். உள்ளே இருந்த பஞ்சு பரண் வெக்கையில் நைந்து தூளாக உதிரும். தொட்டால் விரலில் கறுப்பாக ஒட்டிக்கொள்ளும், தேய்த்தாலும் எளிதில் போகாது.

வீட்டில் கோழி வளர்ப்பதால் பிள்ளைகள் என்ன கற்றுக்கொள்கிறார்கள் என்று எங்கள் பத்திரிகையின் சிறுவர் பக்கத்துக்கு எழுதச் சொல்லியிருக்கிறார்கள். பொறுப்பு, பொறுமை, உயிர்களிடம் அன்பு என்று ஆரம்பித்தேன். எதுவும் தவறில்லை. ஆனால் எழுதியதைத் திரும்பப் படித்தபோது அதில் என் அக்கா எங்குமே இல்லை. கோழி வளர்த்து ஒன்றைக் கற்றுக்கொண்ட ஒரு பிள்ளையைத்தான் எனக்குத் தெரியும். அவள் கற்றது அந்தச் சொற்களில் எதற்குள்ளும் அடங்குவதாக இல்லை.

எங்கள் ஊர் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தை ஒட்டியது. மதியச் சாப்பாடு முடிந்த நேரத்துக்குச் சங்கு ஊதும், கொஞ்சம் பொறுத்து வெடி வெடிக்கும். அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும். மேற்குச் சுவரில் நிலைக்கு மேலிருந்து ஒரு விரிசல் இறங்கிக்கொண்டிருந்தது. ஊரில் எது கெட்டாலும் வெடியைச் சொல்வது வழக்கம். கிணறு வற்றினால் வெடி, மாடு சினை கலைந்தால் வெடி. அதனால் அக்காவின் செவலைக் கோழி அடுத்தடுத்து இரண்டு தடவை அடைகாத்து முட்டை அத்தனையும் கூமுட்டையாகப் போனபோது யாரும் காரணம் தேடவில்லை.

அடை வைக்கும்போது கூடையில் கரித்துண்டும் இரும்பும் போடுவார்கள். இடி இடித்தால் முட்டைக்குள் கரு கலங்காது என்பது நம்பிக்கை. மூன்றாவது தடவை அம்மா இரண்டு இரும்பு போட்டாள். "இடிக்கு ஒண்ணு, வெடிக்கு ஒண்ணு" என்றாள். பிறகு அக்காவைப் பார்த்து, "இந்த வாட்டியும் கூமுட்டையா போச்சுன்னா, ஆண்டிமடத்துலேருந்து மாமா வர்றப்ப இத அடிச்சுக் குழம்பு வெச்சுருவேன். சும்மா தின்னுட்டுக் கெடக்குது" என்றாள். அம்மா விளையாட்டாகச் சொல்பவள் அல்ல.

முழுஆண்டு விடுமுறை. அக்கா ஏழாவது முடித்திருந்தாள். அவள் ஒரு நாள் முழுக்க மேற்குச் சுவரையும் கூடையையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதிர்வு தரைவழியாகத்தானே வருகிறது? அடுத்த நாள் அம்மாவின் பழைய புடவையை உத்திரத்தில் தூளியாகக் கட்டினாள். சங்கு ஊதியதும் கோழியோடு கூடையைத் தூக்கித் தூளியில் வைப்பாள். மேலே சாக்கைப் போட்டு மூடுவாள். வெடி வெடித்து, டம்ளர்கள் அடங்கியபின் இறக்கி வைப்பாள். கோழி கொத்தி அவள் புறங்கையெல்லாம் ரத்தப் பொட்டு. தெருப் பிள்ளைகள் சன்னலில் தொங்கி, "ஏய், தாலாட்டுப் பாடுடி! உன் மவ அழுவுறா பாரு!" என்று கத்துவார்கள். அவள் திரும்பிப் பார்க்க மாட்டாள். வெடிக்கு முன்னிருக்கும் அந்தச் சில நிமிடங்களில் நின்ற இடத்தில் நிற்க மாட்டாள். ஒரு கையால் தூளியைப் பிடித்தபடி கால் மாற்றிக் கால் மாற்றி ஆடுவாள்.

மூன்றாவது வாரக் கடைசியில் மூன்று குஞ்சுகள் வந்தன. மற்றவை கூமுட்டை. மூன்றே ஆனாலும் குஞ்சு குஞ்சுதான். கோழி பிழைத்தது. மாமாவுக்குக் கத்தரிக்காய் போட்ட கருவாட்டுக் குழம்பு. தூளியைப் பார்க்கத் தெருவே வந்துபோனது. அம்மாவே நாலு பேரிடம் பெருமையாகச் சொன்னாள்.

அக்கா மட்டும் சந்தோஷப்படவில்லை. கூடையைச் சுத்தம் செய்யக் கொல்லைக்குக் கொண்டுபோனவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். "டேய், இங்க வாடா. தூளியில எல்லா முட்டையும்தான ஆடுச்சு? இந்த மூணு மட்டும் ஏன் பொரிச்சுச்சு?" என்றாள். குஞ்சு வந்த ஓடுகளை ஒரு பக்கமும் பொரிக்காத முட்டைகளை மறு பக்கமும் பிரித்து வைத்திருந்தாள். ஓடுகள் எல்லாவற்றிலும் கறுப்புத் துகள் ஒட்டியிருந்தது. மற்றவை சுத்தமாக இருந்தன.

அடைக்கு உட்காரும் முன் கடைசி நாட்களில் கோழி இடம் மாற்றிப் பரணில் ஏறி, ஹெல்மெட்டுக்குள் மூன்று முட்டை இட்டிருந்தது. அடை வைத்த அன்று சாக்குத் தேடிப் போனபோது அக்கா அவற்றைக் கண்டெடுத்து நேராகக் கூடையில் வைத்தாள். மற்ற முட்டைகளை அம்மா அன்றன்றைக்கே எடுத்துப் பத்திரப்படுத்தியிருந்தாள், புதிதாக வாங்கிய பிரிட்ஜில். முந்தைய இரண்டு அடைக்கும் அப்படித்தான். பிரிட்ஜ் வரும் முன்பெல்லாம் தவிட்டுப் பானையில் வைப்பதுதான் வழக்கம்.

அக்கா உள்ளே போய்ப் பிரிட்ஜைத் திறந்து, கதவில் வரிசையாக இருந்த முட்டைக் குழிகளைப் பார்த்தபடி நின்றாள்.

"கதவ சாத்துடி, கரண்டு போவுது" என்றாள் அம்மா.

"கரு குளுருல செத்துருக்கும்மா. வெடியில இல்ல."

அம்மா நம்பவில்லை. அடுத்த அடைக்கு அக்கா தவிட்டுப் பானை முட்டைகளை வைத்தாள். தூளி இல்லை, இரண்டாவது இரும்பும் இல்லை. சங்கு ஊதியது, வெடி வெடித்தது, ஒன்றிரண்டைத் தவிர எல்லாம் பொரித்தன.

கதை இத்துடன் முடிந்திருந்தால் சிறுவர் பக்கத்துக்குச் சரியாக இருந்திருக்கும். அந்த மாதமே ஊர்க்காரர்கள் சேர்ந்து கலெக்டர் ஆபீசில் மனுக் கொடுக்கக் கிளம்பினார்கள். அப்பா எழுதி வைத்திருந்ததில் சுவர் விரிசல், கிணறு, அதற்கடுத்துக் கோழிமுட்டை. செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவரை அக்கா வாசலில் மறித்தாள்.

"முட்டைய எடுத்துருங்கப்பா. அது பிரிட்ஜு."

"எல்லாஞ் சேந்தாத்தான் கேப்பாங்க. நீ போயிக் கோழியப் பாரு."

"ஒண்ணு பொய்னு தெரிஞ்சா செவுத்தயும் பொய்னுருவாங்கப்பா. செவுரு நெசம்தான?"

அப்பா அவள் புறங்கைத் தழும்புகளைப் பார்த்தார். பிறகு என் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தார்.

சுவரைப் பார்க்க யாரும் வரவில்லை. அப்பா கடைசிவரை அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்: "முட்டையையும் எழுதியிருந்தா ஒருவேள வந்து பாத்திருப்பாங்களோ என்னமோ." அக்கா விட்டுக்கொடுக்க மாட்டாள். "வந்திருந்தா முட்டையத்தாம்ப்பா பாத்திருப்பாங்க." இருவரில் யார் சரி என்று இத்தனை வருடச் செய்தி வேலைக்குப் பிறகும் எனக்குத் தெரியவில்லை. நாலு நிஜத்தோடு வெறுமனே கேள்விப்பட்ட ஒன்றும் சேர்ந்து என் மேசைக்கு வரும்போதெல்லாம் அந்த ஐந்தாவது வரியை அடிக்கிறேன். அடித்தபின் மனம் அமைதியாவதில்லை. அந்த வரி இருந்திருந்தால் யாராவது வந்திருப்பார்களோ என்று தோன்றுகிறது.

போன வாரம் ஊருக்குப் போனேன். அந்த வீட்டில் இப்போது அக்கா குடும்பம் இருக்கிறது. விரிசலுக்குள் என் சுண்டுவிரல் நுழைகிறது. அதன் கீழே, சுவரோரம், ஹெல்மெட் வாய் மேலே பார்க்க, கிண்ணம்போல் வைக்கப்பட்டிருக்கிறது. பஞ்சு முழுக்கப் போய்விட்டது, வைக்கோல் திணித்திருக்கிறாள். ஒரு சாம்பல் நிறக் கோழி அதற்குள் உட்கார்ந்திருந்தது. சாப்பிட்டுக் கை கழுவும்போது சங்கு ஊதியது. நான் எழுந்து நின்றேன். எதற்கென்று தெரியவில்லை, கை தானாக உத்திரத்தை நோக்கிப் போனது.

"ஒக்காருடா" என்றாள் அக்கா. "அது ஒண்ணும் ஆவாது. செவுத்தப் பாரு."

வெடித்தது. கோழி கண்ணை ஒருமுறை மூடித் திறந்தது. அதன் முதுகின் மேல், விரிசலிலிருந்து, கொஞ்சம் சுண்ணாம்பு உதிர்ந்தது.