ஸ்பிரிங் பட்டையில் அடித்த கறுப்பு

சிஸ்டர் என்றதும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது, டிரெய்லருக்கு வெளியே ஜோடியாகக் கிடந்த இரண்டு ரப்பர் செருப்புகள். செருப்புக்குரியவர் வண்டிக்கு அடியில் இருந்தார். பம்மலில் நான் வேலை பார்த்த பட்டறையின் எண்ணெய்த் தரையில் ஒரு அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, அறுபது தாண்டிய பெண்மணி மல்லாந்து படுத்து ஸ்பிரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் நான்கு பேர் டீ கிளாசோடு நின்று சிரித்தோம். "இன்னாபா, சிஸ்டர் வண்டிக்கு ஊசி போடுதா?" என்றார் முதலாளி. அதற்கு எல்லோரையும்விட அதிகம் சிரித்தவன் நான்தான்.

தாம்பரம் பக்கத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர் என்பதால் ஊரே அவரைச் சிஸ்டர் என்றுதான் அழைத்தது. அவர் வீட்டுக்காரர் ரயில்வேயில் கூட்ஸ் கார்டாக இருந்தவர். பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் குழறிப்போயிற்று. ஆனால் ஊர் சுற்றும் ஆசை மட்டும் போகவில்லை. அரை மணிக்கு மேல் அவரால் உட்கார முடியாது, கண்ட லாட்ஜில் கழிப்பறைக்கும் போக முடியாது. அதனால்தான் சிஸ்டர் எங்களிடம் காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் அந்தப் படுக்கை வண்டியை வாங்கினார். ஓடும்போது டிரெய்லரில் ஆள் இருக்கக் கூடாது என்று முதலாளி சொன்னார், சிஸ்டர் தலையாட்டினார். அவர் வீட்டுக்காரர் அதில் படுத்துக்கொண்டுதான் வருவார் என்பது பட்டறையில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் வாயை மூடிக்கொள்வது எங்களுக்குக் கைவந்த கலை.

ஊரடங்கு முடிந்து ஜனங்கள் ஊர் சுற்றக் கிளம்பிய சமயம் அது. அதுவரை டிராக்டருக்குப் பின்னால் மாட்டும் ஜல்லி டிரெய்லர் செய்துகொண்டிருந்த எங்கள் முதலாளிக்கு 'காரவான்' பைத்தியம் பிடித்தது. மேலே பார்த்தால் படுக்கை, அடுப்பு, குட்டிக் கழிப்பறை, நீல விளக்கு என்று கல்யாண மண்டபம் மாதிரி இருக்கும். கீழே குனிந்து பார்த்தால் அதே ஜல்லி டிரெய்லரின், ஒன்றன்மேல் ஒன்றாக ஏழு இரும்புப் பட்டை அடுக்கிய ஸ்பிரிங். மூன்று டன் ஏற்றினால்தான் அது வளையும். ஒரு கட்டிலையும் ஒரு நோயாளியையும் வைத்தால் எங்கே வளையப்போகிறது? ஒவ்வொரு பள்ளத்துக்கும் கழுதை மாதிரி உதைத்தது. முதல் பயணம் போய் வந்த சிஸ்டர் சண்டை எதுவும் போடவில்லை. "தம்பி, அவர் வாழ்நாள் பூரா கூட்ஸ் வண்டியோட கடைசிப் பெட்டியில குலுங்கினவர். இனிமே குலுங்க வேணாம். என்ன பண்ணலாம் சொல்லுங்க" என்று என்னிடம்தான் கேட்டார்.

என்னதான் சொன்னாலும் அந்த மாற்று வேலையை நான் நன்றாகவே செய்தேன். ஏழு பட்டையைக் கழற்றிவிட்டு நீளமான நான்கு மெல்லிய பட்டை போட்டேன். பட்டை முனையில் மாட்டும் ரப்பர் புஷ் புதிது, இரண்டு பக்கமும் ஷாக் அப்சார்பர் புதிது. சோதனை ஓட்டத்துக்கு என்னைக் கார் ஓட்டச் சொல்லிவிட்டு, சிஸ்டரே டிரெய்லர் படுக்கையில் படுத்துக்கொண்டார். அனகாபுத்தூர் வரை போய்த் திரும்பினோம். இறங்கியதும், "இடது பக்கம் லேசா தட்டுது தம்பி, முதுகுல தெரியுது" என்றார். பார்த்தால் இடது ஷாக்கின் அடி நட்டை நான் முழுதாக முறுக்கவில்லை. மனுஷி முதுகாலேயே கண்டுபிடித்துவிட்டார். அதற்குப் பிறகு எல்லா நட்டையும் முறுக்கச் சொல்லி, ஒவ்வொன்றின் மேலும் குறுக்காகச் சிவப்பு நகப்பூச்சால் ஒரு கோடு இழுத்தார். நட்டு தளர்ந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும். கதவுக்குப் பின்னால் ஒரு அட்டவணையும் ஒட்டினார். மாதம் ஒருமுறை கிரீஸ், நட்டு, பட்டை, புஷ் பார்த்துவிட்டு நான் கையெழுத்துப் போட வேண்டும். "எங்க வார்டுல சொல்லுவோம், எழுதலைன்னா செய்யலைன்னு அர்த்தம்" என்றார்.

நான் அதைத் தலைகீழாகப் படித்துக்கொண்டேன். எழுதிவிட்டால் செய்ததாக அர்த்தம். முதல் இரண்டு மாதம் சிஸ்டர் வீட்டுக்குப் போய் ஒழுங்காக வண்டிக்கு அடியில் போனேன். மூன்றாம் மாதம் மழைச் சேறு. நான்காம் மாதம் முதுகுவலி. அதற்கப்புறம் எந்தக் காரணமும் தேவைப்படவில்லை, நின்ற இடத்திலிருந்தே டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டேன். சிஸ்டர் டீயும் பிஸ்கட்டும் கொடுப்பார். வெட்கமில்லாமல் அதையும் தின்றுவிட்டு வருவேன். அடுத்தவர் பயத்தைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு பொய்யை வைக்கிறோம் என்ற உணர்வே இல்லை. நான் கையெழுத்துப் போடத் தொடங்கியதும் அவரும் வண்டிக்கு அடியில் போவதை நிறுத்திவிட்டார்.

ஆயுத பூஜை வந்தது. பூஜைக்கு முதல் நாள் பட்டறை வண்டிகள், வாடிக்கையாளர் வண்டிகள் எல்லாவற்றையும் கழுவி, அடிப்பாகம் முழுக்கக் கறுப்பு பெயிண்ட் அடித்துப் பளபளவென்று நிறுத்துவது எங்கள் பக்கத்து வழக்கம். துரு, சேறு, கிரீஸ், நகப்பூச்சுக் கோடு எதுவும் தெரியாது, எல்லாம் ஒரே கறுப்பு. சிஸ்டர் மாதா கோயிலுக்குப் போகிறவர்தான், ஆனாலும் வண்டியை அனுப்பியிருந்தார். ஸ்பிரே கன்னை நான்தான் பிடித்தேன். இடது பக்க மெயின் பட்டையில், நடு போல்ட்டுக்குப் பக்கத்தில், ஒரு தலைமுடி அளவுக்கு விரிசல். அதிலிருந்து துரு நீர் கசிந்து காய்ந்திருந்தது. ஒழுங்காகப் பார்த்திருந்தால் இரண்டு மாதம் முன்பே தெரிந்திருக்கும். முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"இன்னா நீ, நல்ல நாள் அதுவுமா பேஜார் பண்ணிகினு கீற? அட்ச்சு வுடு. பூஜ முடியட்டும், மாத்திக்கலாம்" என்றார். நான் அடித்துவிட்டேன். மறுநாள் அந்த இடத்துக்குப் பக்கத்திலேயே சந்தனமும் குங்குமமும் வைத்தேன். அதற்கு அடுத்த நாள் காலையில் சிஸ்டர் வந்து, "வேளாங்கண்ணி போறோம் தம்பி. எல்லாம் சரிதானே?" என்றார். முதலாளி பக்கத்தில் நின்றார். "எல்லாம் ஓகே சிஸ்டர்" என்றேன். சீ! அந்த நாக்கை வைத்துக்கொண்டுதான் இன்றும் சோறு தின்கிறேன்.

மதுராந்தகம் தாண்டி ஒரு வேகத்தடையில் பட்டை உடைந்தது. டிரெய்லர் இடது பக்கம் சாய, உள்ளே படுத்திருந்தவர் கட்டிலிலிருந்து தூக்கி எறியப்பட்டார். இடுப்பெலும்பு முறிந்தது. சிஸ்டர் சாலையோரத்திலேயே தலையணை வைத்து அவர் காலைக் கட்டி, ஆம்புலன்ஸ் வரும்வரை மடியில் வைத்திருந்தாராம். அதற்குப் பிறகு அந்த மனிதர் படுக்கையை விட்டு எழவில்லை. முதுகுப் புண், நெஞ்சுச் சளி என்று ஒன்று மாற்றி ஒன்று வந்து, ஏழாவது மாதம் போய்ச் சேர்ந்தார்.

உடைந்த பட்டையை ஒரு துணிப்பையில் எடுத்துக்கொண்டு சிஸ்டர் ஒருநாள் பட்டறைக்கு வந்தார். எக்ஸ்ரே பார்ப்பதுபோல் வெளிச்சத்தில் பிடித்தார். "பாதி கறுப்பா இருக்கு, பெயிண்ட் உள்ள இறங்கியிருக்கு, அது பழைய முறிவு. மீதி பளிச்சுனு இருக்கு, அது புதுசு. பெயிண்ட் அடிக்கறப்ப உங்களுக்குத் தெரியலையா தம்பி?" என்று கேட்டார். குரலில் குற்றச்சாட்டே இல்லை, வெறும் கேள்விதான். முதலாளி, "ரோடு அப்டி கீது சிஸ்டர்" என்று முந்திக்கொண்டார். நான், "மயிரிழை சிஸ்டர், கண்ணுக்குத் தெரியல" என்றேன். அவர் நம்பினார். "தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பீங்க" என்று எனக்கே ஆறுதல் சொன்னார்.

அந்த முதலாளியோடு என்னால் அதற்குமேல் இருக்க முடியவில்லை. ராஜகீழ்ப்பாக்கத்தில் சொந்தமாக ஒரு ஷெட் போட்டேன். என்னிடம் வரும் வண்டிகளில் பாதி சிஸ்டர் அனுப்பியவை. "நேர்மையான பையன், பாத்ததைத்தான் எழுதுவான்" என்று சொல்லி அனுப்புவாராம். இப்போது நான் எல்லா வண்டிக்கும் அடியில் போகிறேன், எதிலும் கறுப்பு அடிப்பதில்லை. என்ன பிரயோசனம்? ஒவ்வொரு வாடிக்கையாளரும் அவர் பெயரைச் சொல்லி உள்ளே வரும்போது என் மேலேயே எனக்கு அருவருப்பு வரும். சிரித்துக்கொண்டே "வாங்க சார்" என்பேன்.

போன மாதம் சிஸ்டர் கூப்பிட்டார். புதுப் பட்டை போட்டு வீட்டோரம் நிறுத்தியிருந்த டிரெய்லரை விற்கப்போகிறார். நாவலூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் இளம் தம்பதி வாங்க வந்திருந்தார்கள். நான் அடியில் போய் அரை மணி நேரம் பார்த்தேன். உண்மையிலேயே எல்லாம் சரியாக இருந்தது. வெளியே வந்து கையைத் துடைத்தபோது அந்தப் பெண், "நாங்களும் ஒரு தடவை பாக்கலாமா ஆன்ட்டி?" என்று கேட்டாள். "எதுக்கும்மா? தம்பி பாத்துட்டா போதும். நானே குனிஞ்சு பாக்கறதில்ல" என்றார் சிஸ்டர்.

எனக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. "சிஸ்டர், அன்னிக்கு அந்த விரிசல நான் பாத்தேன். பாத்துட்டுதான் பெயிண்ட் அடிச்சேன்" என்று அந்தப் பிள்ளைகள் முன்னாலேயே சொல்லிவிட்டேன்.

அவர் புடவைத் தலைப்பால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். என் பக்கம் திரும்பவே இல்லை. அந்தத் தம்பதியிடம்தான் பேசினார்.

"வேற யாரையாவது கூட்டிட்டு வந்து காட்டுங்க. இவர் பாத்தது கணக்குல சேராது."