சுரேஷின் இடுப்பளவு

மகன் புதன்கிழமையில் போன் செய்து "சாப்டியாம்மா?" என்று கேட்டால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

கார்த்தி ஜெர்மனியில் வேலை பார்க்கிறான். ஞாயிற்றுக்கிழமைதான் கூப்பிடுவான். அதுவும் ரசத்துக்குப் புளி எவ்வளவு என்று கேட்பதற்காக. அப்படிப்பட்டவன் வாரத்தின் நடுவில், குழைந்த குரலில், என் சாப்பாட்டை விசாரிக்கிறான் என்றால்?

"சாப்ட்டேன். என்ன வேணும், சொல்லு" என்றேன்.

ஒரு ஸ்வெட்டர் வேண்டுமாம். அவனுக்கு இல்லை. ஆபீஸ் நண்பன் சுரேஷுக்காம். "எங்கம்மா சூப்பரா பின்னுவாங்கன்னு சொல்லிட்டேன். இப்ப விட மாட்டேங்கிறான்மா..."

கொடைக்கானலில் டீச்சராக இருந்தபோது குளிருக்குப் பயந்து கற்றுக்கொண்ட வித்தை அது. ரிட்டயராகி திண்டுக்கல்லுக்கு இறங்கிய பிறகு ஊசிகள் பரணுக்குப் போய்விட்டன. இந்த ஊர் வெயிலில் ஸ்வெட்டரை நினைத்தாலே வியர்க்கும். இருந்தாலும் பிள்ளை கேட்டுவிட்டான், சரி என்றேன்.

பிறகு வாட்ஸ்அப்பில் அளவு வந்தது. மார்பு முப்பத்து நான்கு. கை நீளம் என் கையைவிடக் குறைவு. கூடவே ஒரு வேண்டுகோள் — இடுப்பு கொஞ்சம் ஒடுங்கி இருக்கணும்.

உடனே போன் போட்டேன்.

"ஏலே, சுரேஷுக்கு எதுக்குடா இடுப்பு ஒடுங்கணும்?"

"ஸ்டைலும்மா. ஸ்லிம் ஃபிட்."

"அவனுக்கு மீசை இருக்கா?"

"அம்மா... டிராஃபிக்ல இருக்கேன். அப்புறம் பேசுறேன்."

வீட்டுக்கு எதிர்த்த கட்டடத்தில் ஆபீஸ். நடந்து போகிறவனுக்கு என்ன டிராஃபிக்?

காதலிக்கட்டுமே! எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. என்னிடம் மறைக்கிறான் பாருங்கள், அதுதான் சுருக்கென்றது. பரீட்சையில் பெயிலானதைக்கூட முதலில் என்னிடம் வந்து சொன்ன பிள்ளை. இப்போது மட்டும் என்ன? நான் என்ன அவ்வளவு பயங்கரமான மனுஷியா?

சரி, கேட்பதில்லை என்று முடிவு செய்தேன். பின்னி அனுப்புவோம். சுரேஷ் தானாக வெளியே வருகிறானா, பார்ப்போம்.

டிசைனுக்கு ஒரு சார்ட்டும் அனுப்பியிருந்தான். சார்ட் என்றால் கணக்கு வகுப்பு கிராஃப் பேப்பர் மாதிரிதான். ஒரு கட்டத்துக்கு ஒரு பின்னல். கட்டத்தில் என்ன நிறமோ அந்த நூல் முன்னால் வரும், மற்ற நிறம் சத்தமில்லாமல் பின்பக்கம் ஓடும். நல்ல ஸ்வெட்டரா என்று பார்க்க வேண்டுமானால் உள்பக்கத்தைத் திருப்ப வேண்டும். பிள்ளைகளையும் அப்படித் திருப்பிப் பார்க்க முடிந்தால் அம்மாக்களுக்கு எவ்வளவு வசதி!

சார்ட்டில் இருந்தது பனியும் கலைமானும். திண்டுக்கல்காரி எதற்குப் பனிமான் பின்ன வேண்டும்? பேகம்பூரில் என் சிநேகிதி ஜெரினா இருக்கிறாள். கணவருக்குக் கறிக்கடை. அவர் அய்யலூர் சந்தைக்கு ஆடு பிடிக்கப் போனபோது, ஒரு வெள்ளாட்டைப் பக்கவாட்டில் போட்டோ எடுத்துத் தரச் சொன்னேன். அதைப் பார்த்து சார்ட்டில் கை வைத்தேன். கிளைக்கொம்பை அழித்து சின்னக் கொம்பு. காதைத் தொங்கவிட்டு, வாலைத் தூக்கிவிட்டேன். பனிப்பூ இருந்த இடங்களில் மல்லிகை. கரும்பச்சையில் வெள்ளை ஆடுகள்... நானே சொல்லக்கூடாது, பிரமாதமான ஸ்டைல்!

ஒரே ஒரு சந்தேகம், அந்த அளவு. பொய் சொல்கிறவன் அனுப்பிய அளவை எப்படி நம்புவது? வழக்கமாக ஸ்வெட்டரை இடுப்பிலிருந்து மேலே பின்னிக்கொண்டு போவேன். இந்த முறை கழுத்திலிருந்து ஆரம்பித்தேன். கீழே கடைசி நிமிஷத்தில்கூட நீட்டலாம், குறைக்கலாம் இல்லையா? என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

தெரிந்தவரின் மகள் மறுநாள் ஜெர்மனி கிளம்புகிறாள், அவளிடம்தான் கொடுத்தனுப்ப வேண்டும் என்ற நிலையில் ஸ்வெட்டர் முடிந்தது. ஊசியிலிருந்து உருவி, ஜெரினாவிடம் காட்ட, தோளைப் பிடித்துத் தூக்கினேன்.

ஜெரினா வாயில் கை வைத்தாள். "யா அல்லா! என்னக்கா இது... எங்க கடையில கம்பியில தொங்குற மாதிரில்ல இருக்கு!"

மார்பைச் சுற்றி அத்தனை ஆடும் தலைகீழ். கால்கள் ஆகாயத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தன. சார்ட்டைக் கீழ் வரிசையிலிருந்து படிப்பது என் பழக்கம். கழுத்திலிருந்து பின்னும்போது சார்ட்டையும் திருப்ப வேண்டும் என்று தோன்றவே இல்லை. ஊசியில் இருந்தவரை எல்லா ஆடும் எனக்கு நேராகத்தானே நின்றது!

"சிரிக்காதடி. வரப்போற மருமகளுக்கு மொத மொத அனுப்புறேன்."

"மருமகளா? சுரேஷுன்னு சொன்னீக?"

"சுரேஷாவது கிரேஷாவது!"

பிரிக்க நேரமில்லை. இதைக் கொடுத்தனுப்பினால் அந்தப் பெண் என்னைப் பற்றி என்ன நினைப்பாள்? அவள் சைவமாக வேறு இருந்துவிட்டால்? அனுப்பாவிட்டாலோ, சுரேஷ் சுரேஷாகவே இருந்துவிடுவான். மடித்துப் பையில் போட்டேன்.

ஒரு வாரம் சத்தமே இல்லை. ஞாயிற்றுக்கிழமை போனும் வரவில்லை. என் மனசு எங்கெங்கெல்லாம் போயிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

போன புதன்கிழமை வீடியோ கால். கார்த்தி முகத்தில் அசடு வழிந்தது.

"அம்மா... சுரேஷ் உன்கிட்ட பேசணுமாம்."

போன் கை மாறியது. அழகான ஒரு பெண். கரும்பச்சை ஸ்வெட்டர். தோள், கை, இடுப்பு... எல்லாம் கச்சிதம்.

"வணக்கமுங்க. நான் நிவேதாங்க. ஊரு ஒட்டன்சத்திரமுங்க."

"வணக்கம்மா" என்றேன். கண் என்னவோ ஆடுகள் மேலேயே இருந்தது. "எல்லாம் தலைகீழா நிக்குதேம்மா... பின்னுறப்ப நேராத்தான் இருந்துச்சு..." எனக்கு அவ்வளவு வெட்கம்.

அவள் குனிந்து தன் ஸ்வெட்டரைப் பார்த்தாள். "பாக்குறவங்களுக்குத்தானுங்க தலைகீழு. போட்டிருக்கறது நானுங்களே... குனிஞ்சு பார்த்தா எனக்கு எல்லாம் நேரா நிக்குதுங்க."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க மகனைப் பிடித்துக்கொண்டேன். "ஏன்டா என்கிட்ட மறைச்ச?"

"நீ கேள்வியா கேட்டுத் துளைப்பன்னு பயந்துட்டேன்மா."

"நான் எப்படா அப்படிக் கேட்டேன்? எதுக்குடா நான் துளைக்கப்போறேன்?" என்று ஆரம்பித்தவள் வாயை மூடிக்கொண்டேன்.

இவ்வளவு இதமாகப் பேசுகிற பெண்ணை அப்படியே நம்பிவிடலாமா? ஒரு சந்தேகம் எட்டிப் பார்க்கத்தான் செய்தது. போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

கார்த்தி இப்போது தனக்கும் ஒரு ஸ்வெட்டர் கேட்கிறான். அளவைக்கூட அனுப்பிவிட்டான். அவன் அனுப்பியதை நான் நம்புவேனா?

நிவேதாவை டேப் வைத்து அளந்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.