அண்ணன் கழற்றிய மாலை

பதுளை டவுனில் வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம் ஒன்றை ஐரிஷ் பப் ஆக்கினார்கள். கருங்கல் சுவருக்கு உள்ளே பச்சைப் பெயின்ட், எங்கு பார்த்தாலும் மூன்று இலைச் செடியின் படம். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து என்றால் இரண்டு இலை ஒரு மொட்டு என்று வளர்ந்தவள் நான். இதை எவன் பறிப்பான் என்று சமையல்கட்டில் வேலை செய்யும் நாங்கள் சிரித்துக்கொள்வோம். அயர்லாந்து எந்தத் திக்கில் இருக்கிறது என்று முதலாளிக்கே தெரியுமோ என்னவோ.

அங்கேதான் அண்ணனுக்குக் கிளாஸ் கழுவும் வேலை வாங்கிக் கொடுத்தேன். குடித்தே தோட்டத்து வேலையைத் தொலைத்த மனுஷனைச் சாராயக் கடையிலா சேர்ப்பது என்று அண்ணி கேட்டாள். பசறையிலும் பதுளையிலும் ஏறி இறங்காத படி இல்லை, வேறு எவனும் சேர்த்துக்கொள்ளவில்லை. அதோடு அப்போது அவர் ஐயப்பனுக்கு மாலை போட்டிருந்தார். அது கழுத்தில் இருக்கும்வரை ஒரு சொட்டு தொடமாட்டார். மாலை போட்டவரைப் பேர் சொல்லியோ முறை சொல்லியோ கூப்பிடக்கூடாது. அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் எனக்கும் அவர் சாமிதான்.

சீசன் முடிந்து மற்றவர்கள் எல்லாரும் மாலையைக் கழற்றிவிட்டார்கள். அண்ணன் கழற்றவில்லை.

"கழட்டுனா அன்னைக்கே குடிச்சிருவேன் தங்கச்சி. என்னைய எனக்குத் தெரியாதா?" என்றார்.

மாதக்கணக்கில் தாடியும் கறுப்பு வேட்டியுமாக பீர் கிளாஸ் கழுவினார். மிச்சத்தைக் கொட்டும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவரைப் பார்த்து நான் சந்தோஷப்பட்ட காலம் அது ஒன்றுதான்.

பிறகு, முன்கூடத்தில் பரிமாறுகிறவன் வேலையை விட்டுப் போனான். மேனேஜர் அண்ணனைக் கூப்பிட்டுப் பச்சைக் கோட்டு ஒன்றை நீட்டினார். தாடியை எடுக்க வேண்டும், மாலையையும் கழற்ற வேண்டும், சாமி கையால் வாங்கி யார் குடிப்பார்கள் என்றார். நான் போய்க் கெஞ்சினேன். கழுவ வேறு ஆள் பார்த்தாயிற்று, இஷ்டம் இல்லாவிட்டால் வீட்டுக்குப் போகட்டும் என்றார். கெட்ட மனிதர் இல்லை அவர். அதுதான் எனக்கு எரிச்சல், திட்டக்கூட வாய் வரவில்லை.

மறுநாள் காலையில் அண்ணன் கோயிலில் மாலையைக் கழற்றி என் கையில் கொடுத்தார். "சாமி படத்துல மாட்டிரு" என்றார். தாடி எடுத்த முகத்தைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

அன்று சாயங்காலம் காலி கிளாஸ் தட்டோடு சமையல்கட்டுக்குள் வந்தார்.

"குடுங்க சாமி, நான் வாங்கிக்கிறேன்" என்றேன், பழக்கத்தில்.

ஒரு கிளாஸின் அடியில் யாரோ விட்டுப்போன மிச்சம் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இனிமே அண்ணேன்னே கூப்பிடு தங்கச்சி" என்று சொல்லிவிட்டு, எடுத்துக் குடித்தார்.