நாற்பத்தாறாவது முடிச்சு

வலியதுறைக் கடல்பாலத்தில் சரக்கு இறக்கும் கலாசிகள் கயிறு பின்னுவதைப் பார்த்து நான்கு வகை முடிச்சுகளைக் கற்றுக்கொண்டேன். அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது, கச்சேரியில் குமாஸ்தா. சாலைக் கடைத்தெருவில் கண்ணாடி மணிகள் வாங்குவேன். சிவப்பு மஞ்சாடி விதைகளை வேகவைத்து ஊசியால் துளைப்பேன். நூலுக்கு மெழுகு தேய்த்து, ஒவ்வொரு மணியின் இருபுறமும் முடிச்சிட்டுப் பின்னினால் மாலை வரும், கைக்கட்டு வரும். ஆண்பிள்ளைக்கு இது என்ன வேலை என்று கோட்டைக்குள் எங்கள் தெருவே சிரித்தது. என் மனைவி மட்டும் சிரிக்காமல் போட்டுக்கொண்டாள். எதில் எத்தனை முடிச்சு என்று நோட்டில் எழுதிவைப்பேன். எண்ணாமல் எதையும் விட்டால் எனக்குத் தூக்கம் வராது.

எங்கள் முதல் குழந்தை மூச்சில்லாமல் பிறந்தது. நான்கு வருஷம் கழித்து அவள் மறுபடி கர்ப்பமானாள். ஒன்பதாம் மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு வலி எடுத்தது. ஞாயிறு காலை ஏழு மணிக்கும் குழந்தை பிறக்கவில்லை. பதினான்கு மணி நேரம்.

என் மாமியார் வழக்கப்படி வீட்டிலிருந்த ஒன்பது பூட்டுகளையும் திறந்து, டப்பா மூடிகளை எடுத்து, தன் தலைமுடியைக்கூட அவிழ்த்துவிட்டிருந்தார். பேறுகால வீட்டில் எதுவும் பூட்டியோ கட்டியோ இருக்கக்கூடாது. உள்ளறையிலிருந்து வெளியே வந்த மருத்துவச்சி என் மேஜைமேல் மாலைகள் கிடந்த கூடையைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"இது எந்தா சாமி, இத்தனை முடிச்சு? உள்ள ஒருத்தி கெடந்து துடிக்கா, இங்க இப்படிக் கட்டி வச்சிருக்கேளே!"

"கத்திரி எடுத்துண்டு வரேன்" என்றார் மாமியார்.

"அறுத்தா போராது அம்மா. அறுத்தாலும் முடிச்சு முடிச்சுதான். ஒண்ணொண்ணா அவுக்கணும். கட்டின கைதான் அவுக்கணும்."

மாமியார் என்னைப் பார்த்தார். "மாப்பிள்ளை, உங்க படிப்பு சொல்ற நியாயமெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். உக்காருங்கோ."

உட்கார்ந்தேன். மூன்று மாலை, ஐந்து கைக்கட்டு. மெழுகு இறுகிய முடிச்சுகள். ஊசி முனையால் நெம்பி நெம்பி விரல் நுனியில் ரத்தம் வந்தது. மணிகள் தரையில் உருண்டன. உள்ளே அவள் குரல் மணிக்கு மணி சிறுத்துக்கொண்டே வந்தது. ஒரு மணிக்கு முடித்தேன். முந்நூற்று அறுபத்தாறு. நோட்டில் நானூற்றுப் பன்னிரண்டு என்று இருந்தது.

நாற்பத்தாறு குறைந்தது. கச்சேரியில் எனக்கு அடுத்த மேஜைக்காரர், நாகர்கோவில் பக்கத்துப் பிள்ளை, கரமனையில் குடியிருந்தார். அவருக்கு நான் கொடுத்த கடிகாரக் கயிறு அது.

வெயிலில் கரமனைக்கு நடந்தேன். அவர் சாய்வு நாற்காலியில் இருந்தார். இடுப்பில் செருகிய கடிகாரத்திலிருந்து என் கயிறு தொங்கியது.

"வாரும்வே! ஆறு நாளு என் மூஞ்சியப் பாத்தது பத்தாதோ?"

விஷயத்தைச் சொன்னேன். அவர் தொடையைத் தட்டிச் சிரித்தார். "கிரகணத்தப் பத்தி ஆபீஸ்ல அரை மணி நேரம் லெக்சர் அடிச்ச ஆளுல்லா நீரு? கயித்த அவுத்தா பிள்ள பொறக்குமாங்கும்? அப்பம் என் வேட்டி முடிச்சையும் அவுக்கட்டா?"

உள்ளேயிருந்து அவர் மனைவி சிரிப்பதும் கேட்டது. நானும் சிரித்தேன். "எல்லாம் மாமியார் படுத்தற பாடு" என்றேன். கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, கயிற்றைக் கேட்காமலே திரும்பினேன். திரும்பி வந்த அடிகள் மூவாயிரத்து நூற்று நாற்பது. இரண்டு தரம் நின்றேன், திரும்பிப் போகவில்லை.

வாசலிலேயே மருத்துவச்சி கேட்டாள். "எல்லாம் அவுத்தாச்சா சாமி?"

"ஆச்சு" என்றேன்.

மேத்தன் மணிக் கடிகாரம் மூன்று அடித்தபோது மாமியார் "பொறந்துடுத்து" என்றார். அழுகை இல்லை. நான் எண்ணத் தொடங்கினேன். நாற்பது. அறுபது. முதல் குழந்தைக்கு எத்தனை வரை எண்ணினேன் என்பது எனக்கு நினைவிருந்தது. தொண்ணூற்று மூன்றில் பூனைக்குட்டி கத்துவதுபோல் ஒரு சத்தம் வந்தது. பெண் குழந்தை. என் மனைவியும் பிழைத்தாள்.

மருத்துவச்சி கிணற்றடியில் கை கழுவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள். "தொப்புள்கொடியில ஒரு முடிச்சு கெடந்துது சாமி. முறுகல்ல. முறுகியிருந்தா..." இன்னொரு வாளி இறைத்தாள்.

அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. பதினோராம் நாள் கரமனை நண்பர் குழந்தையைப் பார்க்க வந்தார். கடிகாரம் கைக்குட்டையில் சுற்றியிருந்தது. என்னைத் தனியே அழைத்து ஒரு காகிதப் பொட்டலத்தைக் கொடுத்தார்.

"நீரு சிரிச்ச சிரிப்பு எனக்குப் பிடிக்கல வே. நீரு போன ஒடனே உக்காந்து அவுத்தேன். கட்டுன கைதான் அவுக்கணும்னீரு. என்ன செய்ய, என் கைதான் இருந்துது. நாப்பத்தஞ்சு வந்துட்டு. கடைசி ஒண்ணு மட்டும் அசைய மாட்டேன்னுட்டு."

பொட்டலத்தில் சுருண்ட நூல், இருபத்திரண்டு மணிகள், நூலின் நடுவில் ஒரு முடிச்சு.

அதற்குப் பிறகு நான் எதையும் பின்னவில்லை. அந்த முடிச்சை அவிழ்க்கவும் துணியவில்லை. குழந்தை உயிரோடிருக்கிறது, இருப்பதைக் கலைக்க வேண்டாம் என்று பெட்டிக்கு அடியில் போட்டுவிட்டேன். மகளுக்குச் சுரம் வந்தபோதெல்லாம் பெட்டியைத் திறந்து பார்த்து மூடுவேன். என் மனைவி ஏனென்று கேட்டதில்லை.

அந்தப் பெண் இப்போது தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். இன்னும் முப்பத்தொரு நாள் என்கிறார் டாக்டர். ஆஸ்பத்திரியில்தான் பிரசவம், பூட்டையும் டப்பாவையும் இப்போது யாரும் திறப்பதில்லை. நான் போன வாரம் நூலை வெளியே எடுத்தேன். கட்டின கை இதுதான். மெழுகு கருத்துக் கல்லாகியிருக்கிறது. இதுவரை நான்கு ஊசிகள் முறிந்துவிட்டன. கத்திரி மேஜைமேலேயே இருக்கிறது, அதை எடுக்கவில்லை. அடுத்த அறையில் அவள் புரண்டு படுக்கும்போது கட்டில் முனகுகிறது. நான் ஐந்தாவது ஊசியை எடுக்கிறேன்.